தோளுக்கு வலிக்காத தோட்டா

இரண்டு அட்டைப் பெட்டிகள். இரண்டுக்குள்ளும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் தட்டு, தட்டுக்கு இருபது தோட்டாக்கள். முதல் பெட்டியின் தட்டை உருவி வெளியே வைத்தேன். இரண்டாவது பெட்டியின் தட்டை முதல் பெட்டிக்குள் செருகி மூடியை அழுத்தினேன். மிச்சமிருந்ததை இரண்டாவது பெட்டியில் போட்டு, ஷெல்ஃபில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இடம், டெக்சாஸ் மாநிலம், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் எங்கள் வீட்டு கராஜ். சனிக்கிழமை காலை. பக்கத்து அறையில் டிரையர் ஓடி, சூடான துணி மணம் வந்துகொண்டிருந்தது. மாடியில் என் மகள் தாரிணி அடவு பழகிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் ரெக்கார்டிங்கின் தட்டுக்கழிச் சத்தமும் கால் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. அவள் இறங்கி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கை பரபரத்ததே தவிர, தப்பு செய்கிறோம் என்று துளிகூட உறைக்கவில்லை. பிள்ளைக்கு நல்லதுதானே செய்கிறோம் என்று நினைத்தேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் பழைய மேனேஜரின் கோமாளித்தனங்களை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, ‘ஊரார் தப்பையெல்லாம் எழுதுகிறீர்கள், நீங்கள் ஒன்றும் செய்ததே இல்லையா?’ என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இதை எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆனால் இத்தனை வருடம் இதை மென்று முழுங்கிக்கொண்டிருப்பதும் அலுத்துப்போய்விட்டது.

கோழிக் குழம்பில் ஆரம்பித்தது

தாரிணிக்கு அப்போது பதினாறு வயது. ஹூஸ்டனில் பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இங்கே வீட்டுக்கு வீடு இதுதான் நடைமுறை. அவள் பேசியதைப் பெரும்பாலும் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் கோழிக் குழம்பைத் தள்ளி வைத்தாள். கொன்று தின்பதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லையாம். கொல்கிற வேலையை முகம் தெரியாத யாரிடமோ விட்டுவிட்டு, தின்கிற வேலையை மட்டும் நாம் வைத்துக்கொள்வது நேர்மை இல்லையாம். ஒரு முறை தானே செய்து பார்க்க வேண்டும். முடிந்தால் சாப்பிடுவாள், முடியாவிட்டால் அன்றோடு விட்டுவிடுவாள்.

“ஏனுங்க, இவ என்னங்க பேசறா?” என்றாள் என் மனைவி கோமதி. தாராபுரத்துக்காரி. “கடையில வெட்டிக் கழுவி பாக்கெட்ல போட்டுத் தர்றாங்க. அதத் திங்கறதுக்கு இத்தன நியாயம் பேசோணுமா?”

டெக்சாஸில் இந்த ஆசைக்கு வழியா இல்லை? அவளோடு படிக்கிற பாதிப் பேர் நவம்பர் வந்தால் மான் வேட்டைக்குப் போகிறவர்கள். என் அலுவலகத்தில் டேரல் என்றொரு நண்பர் இருந்தார். லானோ பக்கம் அவர் குடும்பத்துக்கு நிலம் உண்டு. தயங்கித் தயங்கிக் கேட்டேன். ‘கூட்டி வா’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சின்ன உடம்புக்காரர்கள் முதன்முதலில் எடுக்கிற ‘டூ-ஃபார்ட்டி-த்ரீ’ என்கிற வகைத் துப்பாக்கி ஒன்றையும் இரவல் கொடுத்தார். தாரிணி வேட்டைக்காரர்களுக்கான வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினாள். மிச்சம் இருந்தது தோட்டா மட்டும்தான்.

முக்கால் பவுன், அரைப் பவுன்

தோட்டா வாங்குவது அரிசி வாங்குவது மாதிரி என்று நினைத்திருந்தேன். கடையில் ஒரு சுவர் முழுக்க அடுக்கியிருந்தார்கள். ஒரே துப்பாக்கிக்கு ஐம்பத்தைந்து, எண்பது, தொண்ணூற்றைந்து, நூறு என்று எண் போட்ட பெட்டிகள். தோட்டாவிலிருந்து பறந்துபோகிற குண்டின் எடை அது, கிரெய்ன் கணக்கில். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் நூறு கிரெய்ன் என்பது முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் மேல். எண்பது என்றால் அரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேல். ஒரு சின்னக் கம்மல் வித்தியாசம்.

அந்தக் கம்மலைப் பற்றி தாரிணி மூன்று வாரம் படித்தாள். படித்ததை எங்களுக்கு உட்கார வைத்து விளக்கினாள். லேசான குண்டு வேகமாகப் போகும். ஆனால் அவற்றில் பலவும் கயோட்டிக்காகச் செய்தவை. கயோட்டி என்பது இங்கே காலனிக்குள் புகுந்து பூனைகளைத் தூக்கிக்கொண்டு போகிற, நரி மாதிரியான ஒரு பிராணி. அந்தக் குண்டுகளின் செப்பு உறை மெல்லியது, பட்டதும் சிதறிவிடும். சின்ன உடம்புக்கு அது போதும். மானுக்கு அப்படி அல்ல. தோள் எலும்பைத் தாண்டி நுரையீரல் வரை போக வேண்டும் என்றால் உறை தடித்த, கனமான குண்டு வேண்டும்.

“நூறு கிரெய்ன், அப்பா. என்ன நடந்தது என்று மானுக்குத் தெரிவதற்குள் முடிந்துவிட வேண்டும்” என்றாள். நான் தலையாட்டினேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

குண்டு கனத்தால் துப்பாக்கி சுடுபவரின் தோளையும் கூடுதலாக உதைக்கும். பயிற்சிக்குப் போன முதல் நாளே நூறு கிரெய்னில் ஒரு பெட்டி முழுக்கச் சுட்டாள். சாயங்காலம் பார்த்தால் வலது தோளில், உள்ளங்கை அகலத்துக்கு, கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது.

அரங்கேற்றம் குறுக்கே வந்தது

ஹூஸ்டன் பக்கத்தில் அரங்கேற்றம் என்பது கல்யாணத்துக்கு ஒரு படி கம்மி. ஜனவரியில் தாரிணிக்கு அரங்கேற்றம். ஹால் ஒரு வருடத்துக்கு முன்பே பிடித்தாயிற்று. பாட்டு, மிருதங்கம், வயலின் எல்லோரும் சென்னையிலிருந்து வருகிறார்கள். காஞ்சிபுரப் பட்டில் மூன்று நாட்டிய உடைகள் தைத்து வந்திருந்தன. அழைப்பிதழுக்கான ஃபோட்டோ அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அந்த நேரத்தில் பார்த்து இந்தக் கன்றல்.

“பொட்டப்புள்ள தோளப் பாருங்க” என்று கோமதி சோஃபாவில் உட்கார்ந்துவிட்டாள். “இதோட எப்படிங்க ஃபோட்டோ எடுக்கறது? டீச்சர் கேட்டா என்னன்னு சொல்றது? மான் சுடப் போனோம்னா?”

“மேக்கப் போட்டா தெரியாது கோமதி.”

“இந்த வாரம் மேக்கப் போடுவீங்க. அடுத்த வாரம் கையே தூக்க முடியலன்னா? நீங்கதான அவளுக்கு எடம் குடுத்தது? நீங்களே ஏதாச்சும் பண்ணுங்க.”

தாரிணி ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டே, “இட்ஸ் ஜஸ்ட் அ ப்ரூஸ், அம்மா. ஐ கேன் டேக் இட்” என்றாள். நாங்கள் இருவருமே அதைக் காதில் வாங்கவில்லை.

மகளிடம் ‘இந்த வருடம் வேட்டை வேண்டாம்’ என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மனைவியிடம் ‘சும்மா இரு, அவள் தாங்கிக்கொள்வாள்’ என்று சொல்லவும் தைரியம் இல்லை. இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கியே பழகிய ஆள் நான். அதனால் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

எக்செலில் கட்டம் போட்டேன். எடை ஒரு கட்டம், வேகம் ஒரு கட்டம். எடையைப் பாதியாக்கி வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல். பிளஸ் டூ பிசிக்ஸ். வந்த விடையைப் பார்த்து எனக்கே சந்தோஷம். எண்பது கிரெய்ன் குண்டின் ஆற்றல் நூறு கிரெய்னுக்குக் குறைவில்லை, ஒரு துளி கூடுதல்தான். தோளுக்கு உதையும் குறைவு. சரி, பிரச்சினை தீர்ந்தது. குண்டின் உறை எவ்வளவு தடிமன், எலும்பில் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் எக்செலில் கட்டமே இல்லை. அதைத்தான் அந்தப் பெண் மூன்று வாரம் படித்துச் சொல்லியிருந்தாள்.

எண்பது கிரெய்ன் வாங்கப் போன கடையில் இருந்தவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, “கயோட்டி தொந்தரவா?” என்று கேட்டார். “ஆமாம், ரொம்பத் தொந்தரவு” என்றேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் வேலையே இதைப் பிடிப்பதுதான். இருபது வருடமாக எண்ணெய்க் குழாய்களைப் பரிசோதிக்கிறேன். சான்றிதழில் ஒரு இரும்பு, குழாயில் வேறு இரும்பு என்று எவனாவது மாற்றிக் கொடுத்திருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறேன். அதே நான்தான் கராஜில், அவள் சுடாமல் வைத்திருந்த இன்னொரு நூறு கிரெய்ன் பெட்டிக்குள் எண்பது கிரெய்ன் தட்டைச் செருகிக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பித்தளைக் கூடும் ஈயமூக்கும்தான் தெரியும், எடை தெரியாது.

உதை குறைந்தால் சந்தேகம் வராதபடி, எல்லோர் முன்னாலும் துப்பாக்கியின் பின்கட்டைக்கு ஒரு ரப்பர் திண்டு வாங்கி மாட்டினேன். அடுத்த பயிற்சிகள், குறி சரிபார்த்தது எல்லாம் மாற்றி வைத்த தோட்டாவில்தான். தாரிணி வட்டத்துக்குள் வட்டமாகச் சுட்டாள். “அப்பா, முன்பு மாதிரி உதைக்கவே இல்லை. எனக்குப் பழகிவிட்டது” என்றாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. “வெரி குட்” என்றேன்.

பரண்

தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த ஏதோ ஒரு வாரம். ஐ-டென் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போய், பிறகு வடக்கே திரும்பி, நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினேன். டேரலின் வீட்டில் இரவு தங்கிவிட்டு, விடிந்ததும் பரணில் ஏறினோம். நாலு கால் நட்டு, மேலே மரப்பெட்டி மாதிரி அடைத்து, மூன்று பக்கமும் ஜன்னல் வெட்டியிருந்தார்கள். உள்ளே மக்கிப்போன பலகை வாசனை. கோமதி கட்டிக் கொடுத்த தயிர்சாத டப்பாவை என் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். வெளியே சுண்ணாம்புப் பாறை, சீடர் புதர், மெஸ்கீட் மரங்கள். மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்தின் பங்காளிதான். அந்த முள்ளைப் பார்த்தால் தாராபுரம் ரோட்டோரம் மாதிரியே இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு இளம் ஆண் மான் வெளியே வந்தது. தொண்ணூறு கஜம் இருக்கும். தாரிணி அவசரப்படவில்லை. அது பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருந்து, மூச்சை விட்டு, சுட்டாள். மான் முன்பக்கமாக ஒரு முறை மடங்கியது, எழுந்தது, ஓடிப் புதருக்குள் போய்விட்டது.

“தோளில் பட்டது. பார்த்தேன்” என்றாள்.

சத்தம் கேட்டு டேரல் வந்தார். மான் நின்ற இடத்தில் கொஞ்சம் முடி, சில சொட்டு ரத்தம். அங்கிருந்து தேடிக்கொண்டு போனோம். இரண்டு சொட்டு, நாலு தப்படிக்கு ஒன்றுமில்லை, ஒரு இலையில் ஒரு கறை. காய்ந்த ஓடை ஒன்றில் அதுவும் நின்றுவிட்டது. மேட்டுப் பக்கம் ஏறிச் சுற்றித் தேடினோம். இரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

டேரல் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். எந்தத் தோட்டா என்று அவளிடம் கேட்டார். நூறு கிரெய்ன் என்றாள். அவர் பொறுமையாகச் சொன்னார்: நூறு கிரெய்ன் குண்டு தோளில் பட்டிருந்தால் அந்தப் பக்கமாக வெளியே வந்திருக்கும், இரண்டு பக்கமும் ரத்தம் கொட்டியிருக்கும், மான் ஐம்பது கஜம் தாண்டியிருக்காது. இவ்வளவு கம்மி ரத்தம் என்றால் தோலைக் கீறிக்கொண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான். அது பிழைத்துக்கொள்ளும். எல்லோருக்கும் நடப்பதுதான், வருத்தப்படாதே.

“தோளில்தான் பட்டது” என்றாள் மறுபடியும்.

சுடுகிற நொடியில் கண் ஏமாற்றும் என்றார் டேரல்.

அவள் துப்பாக்கி வாரைத் தோளில் இழுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு, “ஒருவேளை பயத்தில் உடம்பு சுருங்கியிருக்கும். நான்தான் குறி தவற இழுத்துவிட்டேன் போல” என்றாள். டேரல் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரியும். அவர் போட்ட கணக்கு அத்தனையும் நூறு கிரெய்னுக்கு. என் வாய் திறக்கவில்லை. டேரல் முன்னால் அசிங்கப்பட வேண்டுமே என்று ஒரு பக்கம். பிழைத்துக்கொள்ளும் என்று பெரியவரே சொல்கிறாரே என்று இன்னொரு பக்கம். என்னைவிட நாலு வயது சின்னவர் அவர். தேவைப்பட்டால் யாரையும் பெரியவர் ஆக்கிக்கொள்ளலாம்.

கேட்

காரில் ஏறிக் கிளம்பினோம். அந்த நிலங்களில் ஒரு வழக்கம் உண்டு: பக்கத்து சீட்டில் இருப்பவர் இறங்கி கேட்டைத் திறந்து, கார் தாண்டியதும் சங்கிலி போட்டுவிட்டு வர வேண்டும். தாரிணி இறங்கித் திறந்தாள். நான் தாண்டிப்போய் நிறுத்தினேன். கண்ணாடியில் பார்த்தேன். சங்கிலியை மாட்டிவிட்டு, அதைக் கையில் பிடித்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சத்தம் இல்லை, முதுகு மட்டும் குலுங்கியது.

இறங்கிப் போனேன்.

“கண்ணு, நீ தப்பா சுடல” என்றேன். “தோட்டாவ நான் மாத்திட்டேன்.”

திரும்பிப் பார்த்தாள். புரியவில்லை.

“எண்பது. கயோட்டிக்கு உள்ளது. உன் தோளு வலிக்கக் கூடாதுன்னுதான்...”

என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் முகத்தில் கண்ணீர் அப்படியே இருக்க, கண் மட்டும் வேறு எங்கோ போய்விட்டது. யோசித்தாள்.

“அப்படியென்றால் தோளில்தான் பட்டிருக்கிறது” என்றாள். “குண்டு உள்ளே போகவில்லை. எலும்பை உடைத்திருக்கிறது. மூன்று காலில் அது மேட்டில் ஏறியிருக்காது. நாம் தப்பான பக்கம் தேடினோம், அப்பா. அது உயிரோடு இருக்கிறது.”

சங்கிலியைக் கழற்றிக் கேட்டை அகலத் திறந்தாள். “டர்ன் த கார் அரவுண்ட்” என்றாள்.

டேரலிடம் அவளே சொன்னாள். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். ஓடையின் பள்ளத்துப் பக்கமாக இறங்கினோம். இருநூறு தப்படி இருக்கும். விழுந்து கிடந்த ஓக் மரத்தடியில் அது படுத்திருந்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. எழுந்திருக்க ஒரு முறை முயன்றது. முன்னங்கால் ஒன்று உடம்போடு சேரவில்லை. சுட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

“இந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு கிட்டே போக வேண்டும்?” என்று டேரலிடம் கேட்டாள். இங்கிருந்தே கழுத்துக்கு என்றார். செய்தாள். ஒரே முறை. துப்பாக்கியிலிருந்து மிச்சத் தோட்டாக்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

டேரல் தோலுரிக்கும்போது நான் தள்ளிப்போய் நின்றேன். “அப்பா, இங்கே வாருங்கள்” என்று கூப்பிட்டாள். போனேன். தோளில் ஒரு சாஸர் அகலத்துக்குக் குதறிப்போயிருந்தது, ஆழம் இரண்டு விரல்கூட இல்லை. சதைக்குள் செப்புத் துணுக்குகளும் எலும்புத் துணுக்குகளும். நான் முகத்தைத் திருப்பினேன். “பாருங்கள்” என்றாள். பார்த்தேன்.

திரும்பி வரும் வழியில் பாதி தூரம் தாண்டியாயிற்று. பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, “யாருக்கு வலிக்க வேண்டும் என்று நீங்களே முடிவு பண்ணிவிட்டீர்கள்” என்றாள். சாரி சொன்னேன். “ஓகே” என்றாள்.

கோமதி அந்தக் கறியை மிளகு போட்டு வறுத்தாள். தாரிணி தட்டில் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். என்ன நடந்தது என்று அவள் அம்மாவிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அரங்கேற்றம் அமோகமாக நடந்தது. எல்லோரும் ஃபோட்டோவைப் புகழ்ந்தார்கள்.

பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து போன்

தாரிணி இப்போது நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு அபார்ட்மென்ட்டில் தனியாக இருக்கிறாள். மருந்துக் கம்பெனியில் வேலை. ஞாயிறு தவறாமல் பேசுகிறாள், சிரிக்கிறாள், நான் பிரஷர் மாத்திரை போட்டேனா என்று கேட்கிறாள். கோபம் எதுவும் இல்லை. ஒரு சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எதையும் செய்வதற்கு முன் என்னிடம் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். கார் வாங்கியபின் சொன்னாள். வேலை மாறியபின் சொன்னாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை கூப்பிட்டாள். கழுத்தில் கட்டி ஒன்று இருந்ததாம். ஊசியால் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்களாம். பயப்பட ஒன்றுமில்லை என்று அன்று காலைதான் ரிசல்ட் வந்ததாம். மூன்று வாரமாக நடந்திருக்கிறது. அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் எங்களோடு வழக்கம்போலப் பேசியிருக்கிறாள்.

கோமதி அழ ஆரம்பித்தாள். “ஏங்கண்ணு, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? தனியாவா போயிட்டு வந்த? அப்பா அந்த டாக்டர்கிட்டப் பேசியிருப்பாருல்ல?”

“அதனால்தான் சொல்லவில்லை, அம்மா” என்றாள் தாரிணி. “டாக்டர் என்ன சொல்கிறாரோ அதை நானே நேராகக் கேட்க நினைத்தேன்.”

கோமதி என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “வலிச்சுதா கண்ணு?” என்று கேட்டேன். “கொஞ்சம்” என்றாள்.

போனை வைத்தபிறகு சமையலறையில் நின்று வெகுநேரம் யோசித்தேன். ரிசல்ட் வேறு மாதிரி வந்து, அது முதலில் என் காதுக்கு எட்டியிருந்தால், உள்ளதை உள்ளபடி அவளிடம் சொல்லியிருப்பேனா? மாட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் மாட்டேன். என் மகள் என்னைச் சரியாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறாள்.